தம்பியை எழுப்பாத பெட்டி

நித்யஸ்ரீயின் தம்பிக்கு நான்கு மாதம். திருப்பூர் மண்ணரையில் தெருவெல்லாம் தையல் மெஷின் ஓடினாலும் அவன் பாட்டுக்குத் தூங்குவான். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் 'ஊ'வென்று ஊளையிட்டால் போதும், வீறிட்டு எழுந்துவிடுவான்.

அம்மா அந்தக் கம்ப்யூட்டரில்தான் பனியன்களுக்குப் படம் வரைவார். "இப்படியே போனா நான் கம்பெனிக்கே போயித்தான் வரையோணும். தம்பிய யாரு பாக்கறது கண்ணு?" என்றார்.

கம்பெனிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். நினைக்கும்போதே நித்யஸ்ரீக்கு அழுகை வந்தது.

தரணீதரன் மாமாவுக்குப் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டுவதுதான் தொழில். "உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்குது. பெட்டிதான் வெறும் தகரம். அதை மாத்திரலாம்" என்று அவளைக் கடைக்கு அழைத்துப் போனார்.

கடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி ஏழு நிறத்தில் மின்னியது. ஆசை யாரை விட்டது? நித்யஸ்ரீ அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். 'டிங்' என்றது. பக்கத்து மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி. அதைத் தட்டினாள். 'தொம்' என்று சத்தம் உள்ளேயே அடங்கிப்போனது.

"இதுங்க மாமா."

"வெளக்கு வேண்டாமா கண்ணு?"

"வெளக்கு தம்பியத் தூங்க வெக்காதுங்களே."

மாமா சிரித்துக்கொண்டே அதையே வாங்கினார்.

அடேயப்பா, அது என்ன பெட்டி! கதவுகளின் உள்பக்கம் தடித்த மெத்தை. நிதானமாகச் சுற்றும் பெரிய விசிறிகள். அவை அதிராமல் இருக்க ரப்பர் வளையங்கள். பஞ்சுத்தூசி புகாமல் முன்னால் ஒரு வலை, கழற்றிக் கழுவிக்கொள்ளலாம். மாமா ஒவ்வொன்றாகப் பூட்ட, நித்யஸ்ரீ திருகாணி எடுத்துக் கொடுத்தாள். தையல் யூனிட் வைத்திருக்கும் அப்பா, இஞ்சு டேப்பால் பெட்டியை அளந்து பார்த்து ரசித்தார்.

"இன்னும் ஆன் பண்ணலையா?" என்றார் அம்மா.

"ஓடிட்டுத்தானுங்கம்மா இருக்குது."

அம்மா காதை வைத்துக் கேட்டுவிட்டு அசந்துபோனார்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிவிட்டு வந்தால், வீட்டில் மறுபடியும் 'ஊ'. தம்பி வீறிட்டு அழுதான். "அவ்வளவுதான் கண்ணு. நாளைக்குக் கம்பெனிக்கு வர்றேன்னு சொல்லிர்றேன்" என்று அம்மா போனை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்கம்மா."

நித்யஸ்ரீ ஓடிப் பார்த்தாள். பெட்டி தலை முதல் கால் வரை நீலப் பனியன் துணியில் சட்டை போட்டிருந்தது. தொட்டால் சுட்டது. அவர்கள் வீட்டில் மிக்சிக்கும் டி.வி.க்கும்கூட அப்படிச் சட்டை உண்டு. திருப்பூரில் பறக்கும் பஞ்சுக்கு வேறு என்ன செய்வது?

"நாந்தான் தெச்சேன் கண்ணு. அளவு கச்சிதமா இருக்குதா?" என்றார் அப்பா.

"ரொம்ப அழகா இருக்குதுங்கப்பா. ஆனா மூக்கை மூடிட்டீங்க. காத்து இல்லாம விசிறியெல்லாம் வேகமாச் சுத்துது."

அவள் சட்டையைக் கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் தணிந்தது. தம்பி மறுபடி கண்ணயர்ந்தான். ஆனால் அப்பாவின் முகம் வாடியது. அதைப் பார்த்ததும் நித்யஸ்ரீ அந்தத் துணியை நான்காக மடித்தாள்.

"அப்பா, பெட்டியக் கொஞ்சம் தூக்குங்க."

துணியைப் பெட்டியின் கால்களுக்கு அடியில் விரித்தாள். மேசையில் மிச்சம் இருந்த சின்ன அதிர்வும் நின்றுபோனது. அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"போன் பண்ணலீங்களாம்மா?" என்று மெல்லக் கேட்டாள் நித்யஸ்ரீ.

"எதுக்கு?" என்ற அம்மா, போனை வைத்துவிட்டு வரைய உட்கார்ந்தார். இப்போது அந்த அறையில் சத்தம் போடுவது தம்பியின் குறட்டை மட்டும்தான்.