மாமி கொடுத்த மாஜுன்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே மஹ்பூபா மாமியின் குரல் பினாங்கு ஜெலுத்தோங் பிளாட்டின் எட்டாவது மாடி முழுக்கக் கேட்டது.

"ஷஹீதா! இத்ரீஸோட நீலச் சட்டைய அயர்ன் பண்ணிட்டியா இல்லியா? மூணு மணிக்கு பட்டர்வொர்த்துல இருக்கணும்லா. பொண்ணு வீட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருப்பாங்க!"

"பண்ணிட்டேன் மாமி."

கட்டிய கணவன் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போட்டுக்கொண்டு போகும் சட்டையைத் தன் கையாலேயே தேய்த்துக் கொடுக்கும் பாக்கியம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்! ஷஹீதாவுக்குக் கிடைத்திருந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

இத்ரீஸின் தாயான மாமி அடுப்படிக்குள் வந்தாள். கையில் கறுப்பு லேகிய ஜாடி. இத்ரீஸ் இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கும் நேரம். அவன் முகம் கழுவியதும் ஒரு கரண்டி மாஜுனை மாமி தன் கையாலேயே அவன் வாயில் வைத்தால்தான் அந்த வீட்டில் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

"ரெண்டாங் கல்யாணத்துக்கு முதல் பொண்டாட்டிக்குச் சம்மதமான்னு கோர்ட்டுல உன்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. முழுச் சம்மதம்னு சொல்லிடும்மா. நான் உன்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லலயே... நீயும் இரு, அவளும் வரட்டும். எம் மகன் வழியில எனக்கு ஒரு பேரப்புள்ள வேணும், அவ்வளவுதான்!"

சும்மா சொல்லக்கூடாது, மாமி கெட்டவள் இல்லை. ஷஹீதாவுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்கு நாள் பாயை விரித்துக்கொண்டு கிடந்தவள்தான். ஆனால் பிள்ளை என்ற ஒரு பேச்சு வந்துவிட்டால் அவளுக்குக் கண் மண் தெரியாது.

கல்யாணமாகி எட்டு வருஷம். முதல் இரண்டு வருஷம் ஷஹீதாவுக்கு ஈப்போவில் உயிரியல் ஆசிரியை வேலை, இத்ரீஸுக்கு பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை. பிள்ளையைத் தள்ளிப் போட்டார்கள். மாற்றல் கிடைத்து அவள் பினாங்குக்கு வந்த வாரமே, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒருவன் விற்ற மாஜுனை மாமி வாங்கி வந்துவிட்டாள். ஆண்களுக்குப் பலம் தரும் லேகியம், சாப்பிட்டால் பத்தே மாதத்தில் தொட்டில் என்று அவன் சொன்னானாம். பத்து மாதம் ஆறு வருஷமானது. இத்ரீஸின் தோள் அகன்றது, முதுகில் முகப்பரு போலக் கட்டிகள் வந்தன, கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. "பாத்தியா, மாஜுன் வேலை செய்யுது! என் புள்ளைக்கு ஒரு குறையும் இல்ல" என்று மாமி பூரித்துப் போனாள். மிச்சக் குறை யார் தலையில் விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

போன வருஷம்தான் இத்ரீஸ் ஒருவழியாகப் பரிசோதனைக்குச் சம்மதித்தான். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தது. அன்றைக்கு கிளினிக் படிக்கட்டில் உட்கார்ந்து அவன் குழந்தை மாதிரி அழுதான். "அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் செத்துருவேன் ஷஹீ..." என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த ஷஹீதா, கைப்பையை மாட்டக்கூட இல்லை. "குறை எங்கிட்டதான் மாமி" என்று சொல்லிவிட்டாள்.

ஒரே ஒரு வாக்கியம். அதற்காகப் பத்து மாதமாகக் கல்யாண வீடுகளில் அவளைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். சீமந்தத் தட்டைத் தூக்க அவள் கை நீட்டினால், வேறு கை முந்திக்கொண்டது. அதையெல்லாம் பொறுத்தாள். ஆனால் பட்டர்வொர்த் பெண்ணின் பேச்சு வந்தபோது, ஃபாத்தின், வயது இருபத்து நான்கு என்று கேட்டபோது, அவளால் பொறுக்க முடியவில்லை. இன்னும் மூன்று வருஷத்தில் அந்தப் பெண்ணும் இதே பேச்சைக் கேட்க வேண்டுமா? அதைச் சொல்லித்தான் கணவனை மறுபடி டாக்டரிடம் இழுத்துப் போனாள். மூன்று வாரம் இருக்கும்.

இரத்தத்தைச் சோதித்த டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். வெளியிலிருந்து ஹார்மோன் எடுப்பவர்களின் இரத்தம் மாதிரி இருக்கிறதே, ஊசியா, மாத்திரையா, ஏதாவது மருந்தா என்று கேட்டார். இல்லை என்று இரண்டு பேருமே சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். மருந்து என்று கேட்டால் மாஜுனை யார் நினைப்பார்கள்? அம்மா ஊட்டுவது மருந்தா என்ன? மறுநாள் நான்காம் படிவ வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் ஷஹீதாவுக்குப் பொறி தட்டியது. பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். அன்று மாலையே ஜாடியிலிருந்து ஒரு கரண்டியைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போய் டாக்டரிடம் கொடுத்தாள். உறுதியாகும் வரை வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

முடிவு நேற்று மாலை வந்தது. இத்ரீஸ் அதற்குள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான். உண்மை தெரிந்தது ஷஹீதா ஒருத்திக்குத்தான். சொன்னால் அவள் பழி நீங்கும். மாமி உடைந்து போவாள். சொல்லாவிட்டால் மூன்று மணிக்கு அந்த நீலச் சட்டை பட்டர்வொர்த்துக்குப் போகும்.

கதவு திறந்தது. இத்ரீஸ் உள்ளே வந்து, முகம் கழுவி, மேசையில் உட்கார்ந்தான். மாமி கரண்டியை நிறைத்தாள்.

"வேணாம் மாமி." ஷஹீதா கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே இது வேணாம். மச்சான், உள்ள வாங்க, கொஞ்சம் பேசணும்."

"எதுக்கு உள்ள? என் முன்னாடி பேச முடியாததா?"

ஷஹீதா ஜாடியை எடுத்து, குழாயைத் திறந்து, மொத்தத்தையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள்.

"அல்லாவே! பாத்தியாடா, பாத்தியாடா உன் பொண்டாட்டி பண்றத!" மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "உன்னாலதான் முடியல... இன்னொருத்தி வயித்துலயாவது ஒண்ணு தங்கட்டும்னு பாத்தா, அதுவும் பொறுக்கலயா உனக்கு? இவ்வளவு பொறாமையா! உன்னை மகளாத்தானே நெனச்சேன்..."

ஷஹீதா தலை குனிந்து நின்றாள். கண்ணீர் தரையில் சொட்டியது. அப்போதும் அவள் சொல்லவில்லை.

"போதும்மா!"

இத்ரீஸ் எழுந்து நின்றிருந்தான். "அவளை ஏசாதம்மா... குறை எங்கிட்ட. பத்து மாசத்துக்கு முன்னாடியே தெரியும். எங்கிட்ட அணுவே இல்லன்னு ரிப்போர்ட் வந்துச்சு. எனக்காகத்தான் அவ பொய் சொன்னா. நான் வெக்கம் கெட்டவன், பேசாம இருந்துட்டேன்."

அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

மாமி மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். ஏதோ நினைவுக்கு வந்தவளாகத் தொட்டிக்குத் திரும்பினாள். "அப்படின்னா... இவனுக்கு மாஜுன் ரெண்டு பங்கு வேணுமே! அதப் போயி ஏம்மா கொட்டின?"

இனி மறைக்க வழியே இல்லை. ஷஹீதா அடுப்பை அணைத்துவிட்டு, மாமியின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"மாமி, நான் சொல்றத நடுவுல நிறுத்தாம கேளுங்க. ஆம்பளைக்கு விந்தணு உண்டாகுறது விரையில..."

"சீ! புள்ளைய வெச்சுக்கிட்டு என்ன பேச்சு! அஞ்சு பெத்தவ நான், எனக்குத் தெரியாதா?"

இத்ரீஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கூசாத நாக்கு ஷஹீதாவுக்கும் வீட்டில் கூசத்தான் செய்தது. ஆனால் நிறுத்தவில்லை.

"அதுக்கு ரெண்டு வேலை மாமி. ஆம்பளைக்கு மீசை, கட்டைக் குரல், பலம் எல்லாம் கொடுக்குற ஹார்மோன சுரக்குறது ஒண்ணு. விந்தணு செய்யிறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் மூளைக்கு அடியில இருக்குற ஒரு சின்னச் சுரப்பிதான் உத்தரவு போடும். இந்த மாஜுன்ல எவனோ அந்த ஹார்மோன் மாத்திரையப் பொடி பண்ணிக் கலந்திருக்கான். சோதிச்சுப் பாத்தாச்சு. வெளியிலேருந்து தினமும் வந்துக்கிட்டே இருந்தா, இருக்குறதே போதும்னு மூளை உத்தரவ நிறுத்திடும். கடையிலேருந்து நாசி கண்டார் சோறு தினமும் வீட்டுக்கு வந்தா நாம அடுப்பு பத்த வைப்போமா? அந்த மாதிரி. தோள் அகலமாச்சு, ஆனா உள்ள வேலை நின்னு போச்சு."

மாமியின் வாய் மெல்லத் திறந்தது. "அப்போ... நான் ஊட்டினதா? என் கையாலயா?"

"நீங்க பாசத்துல கொடுத்தீங்க. கலந்தவன் பாவி. அவன் மேல புகார் கொடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"யா அல்லாஹ்... ஆறு வருஷம்! நானே என் புள்ளைய..." மாமி தன் வலது கையை யாருடையதோ மாதிரி பார்த்துவிட்டு, அதை முந்தானையில் சுற்றி மறைத்துக்கொண்டாள். "இதச் சொன்னா நான் தாங்கமாட்டேன்னுதான் ஏச்சு வாங்கிக்கிட்டு நின்னியா?"

ஷஹீதா அவள் முதுகைத் தடவினாள்.

"சரியாகுமா?"

"நிறுத்திட்டா மூளை மறுபடி உத்தரவு போட ஆரம்பிக்கலாம். ஒரு அணு உருவாகி முழுசா வளரவே ரெண்டரை மாசம் ஆகும். மாசக்கணக்குல பாக்கணும், தேவைப்பட்டா மருந்து கொடுப்பாங்க. கண்டிப்பா சரியாகும்னு டாக்டரால சொல்ல முடியாது மாமி. ஆனா பெரும்பாலும் திரும்பும்னாரு, இன்ஷா அல்லாஹ்."

"உனக்கு?"

"எனக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மாசத்துக்கு ஒரு முட்டை சூலகத்துலேருந்து வெளிய வரும், குழாய் வழியா போகும். ஒரு நாள்தான் அதோட ஆயுசு. அதுக்குள்ள அணு வந்து சேரலன்னா, கர்ப்பப்பை கருவுக்காக விரிச்சு வெச்ச மெத்தை தேவையில்லன்னு கரைஞ்சு வெளிய போயிடும்."

"அதுதான் மாசா மாசம் வர்றதா?" மாமி அவளையே பார்த்தாள். "அழுக்கு ரத்தம்னுல எங்களுக்குச் சொன்னாங்க! அஞ்சு பெத்தேன்... ஒருத்தர்கூட எனக்கு இத சொன்னதில்லயே."

பிறகு மாமி யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் கேட்டாள்: "ஆணா பொண்ணாங்கறது...? அது யாரால?"

"ஆம்பளையாலதான் மாமி. நம்ம முட்டையில எப்பவும் எக்ஸ்தான். அவங்க அணுவுல எக்ஸும் இருக்கும், ஒய்யும் இருக்கும். ஒய் வந்து சேந்தா ஆண். அவங்களும் தேர்ந்தெடுத்து அனுப்ப முடியாது. நம்ம கையில அறவே இல்ல."

மாமியின் முகம் ஒரு மாதிரியாகக் கோணியது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது பாருங்கள் ஓர் அழுகை... இத்ரீஸ் பதறிப் போய்த் திரும்பினான்.

"நாலும் பொட்டப்புள்ளயாப் பெத்த கைன்னு என் மாமியா பதினோரு வருஷம் எங்கிட்ட ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கலடா! நீ பொறந்த அன்னைக்குத்தான் என் கையால குடிச்சா. உங்க அத்தாவும் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தாரு... வாயத் தொறக்கல. நானும் என் மேலதான் தப்புன்னு நெனச்சேனே! அறுபத்தேழு வயசு வரைக்கும் அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்தேனே..." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷஹீதாவைப் பார்த்தாள். "அவ எனக்குச் செஞ்சத நான் உனக்குச் செஞ்சுட்டேம்மா."

"அப்படியெல்லாம் இல்ல மாமி..."

"நீ சும்மா இரு. இன்னும் எத்தனை நாளைக்கு எனக்காகப் பொய் சொல்லுவ?"

மாமி போனை எடுத்தாள். பட்டர்வொர்த் நம்பரை அழுத்தினாள். பெண்ணின் தாய் நோர்மாவின் குரல் உற்சாகமாக வந்தது: "மூணு மணிக்கு வந்துடுவீங்கல்லக்கா?"

"இல்லம்மா... இத்ரீஸுக்கு உடம்புக்கு முடியல. இன்னொரு நாளைக்கு..." என்று ஆரம்பித்த மாமி நிறுத்தினாள். மகனைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்து போய் ஒரு கணம் தயங்கினான். "சொல்லும்மா," என்றான். "நான் சொல்லியிருக்க வேண்டியது. நீ சொல்லு."

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நோர்மா, நாங்க இனிமே வரமாட்டோம். கோவிச்சுக்காதம்மா. குறை எம் மகன்கிட்ட. அது அவன் தப்பும் இல்ல, என்னால வந்தது. எம் மருமகளப் பத்தி நான் உங்கிட்ட சொன்னது அத்தனையும் பொய்யி. அவகிட்ட ஒரு குறையும் இல்ல... ஆமா, ஒண்ணுகூட இல்ல. இத நீ யாருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோ. நான் அன்னைக்குச் சொன்னது நாலு பேருக்குப் போயிருக்கும்ல? இதுவும் போகட்டும்லா!"

மாமி போனை மேசையில் வைத்தாள். பெற்ற மகனின் குறையைத் தன் வாயாலேயே அடுத்த வீட்டுக்குச் சொல்வது ஒரு தாய்க்கு எவ்வளவு பெரிய காரியம் என்று ஷஹீதாவுக்குத் தெரியும். பத்து மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்கும் உடைந்துகொண்டு வந்தது. "மாமி..." என்று கதறிக்கொண்டு அந்த மடியில் முகத்தைப் புதைத்தாள்.

"அழுடா, அழு. எவ்வளவு நாளா வெச்சிருக்க," என்று அவள் தலையைக் கோதிய மாமி, ஜன்னல் ஓரம் நின்ற மகனை அதட்டினாள். "நீ என்னடா மரம் மாதிரி நிக்கிற? உன்னத் தாங்குனவ இங்க அழுவுறா. வா இங்க!"

இத்ரீஸ் வந்து மனைவியின் அருகே தரையில் உட்கார்ந்தான்.