தூக்கத்துக்கு ஒரு சாட்சி

மேஜை மேல் போன் அலறியது.

மயக்க மருந்து டாக்டர் எடுத்தாள்.

"சொல்லுங்க இன்ஸ்பெக்டர்... ஆமா, செவ்வாய்க்கிழமை ராத்திரி தூக்கத்துல மூச்சையும் நாடியையும் அளக்குற எங்க மெஷின் அவர் வீட்டுலதான் இருந்துச்சு. பத்துலேருந்து காலைல ஆறு வரைக்கும் பதிவாகியிருக்கு. விரல்லயும் நெஞ்சுலயும் அதைக் கட்டிக்கிட்டு எப்படி நகைக்கடை லாக்கரைத் திறப்பாரு?"

வைத்தாள்.

எதிரே பூட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். நூற்று நாற்பத்தொரு கிலோ. நாற்காலியும் கூடவே முனகியது.

பக்கத்தில் மனைவி. அவருடைய கடையில் பதினெட்டு வருஷமாகச் சாவி வெட்டுகிறவள்.

"நாளைக்குக் காலைல ஆபரேஷன். இரைப்பையைச் சின்னதாக்குவாங்க. எடை இறங்கும், சர்க்கரை கட்டுப்படும், முட்டி வலி குறையும்," என்றாள் டாக்டர்.

"கெட்டதைச் சொல்லுங்க டாக்டர்."

"தையல் கசியலாம். கால்ல ரத்தம் கட்டலாம். அபூர்வம்தான். வைட்டமின் மாத்திரை மட்டும் ஆயுசுக்கும்."

"கையெழுத்துப் போடுங்க," என்றாள் மனைவி.

பேனாவை எடுத்தார்.

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி. தூக்கத்துல மூச்சு ஒரு தடவைகூட நிக்கல. அதனால சாதாரண வார்டே போதும்."

பேனா நின்றது.

"நின்னா?"

"வலி மருந்து குடுத்துத் தூங்க வைப்போம். அப்ப மூச்சு நின்னு, யாரும் கவனிக்கலைன்னா எழுந்திருக்கவே மாட்டீங்க. முன்னாடியே தெரிஞ்சா முகத்துல மாஸ்க், ராத்திரி முழுக்கப் பக்கத்துல நர்ஸ்."

அவருக்குத் தினமும் மூச்சு நிற்கும். மனைவிதான் உலுக்கி எழுப்புவாள்.

சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால் சவக்குழி...

யோசித்தார். ஜெயிலுக்குப் பூட்டு உண்டு. பூட்டு என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

"டாக்டர்... அந்த மெஷினை இவமேல கட்டிட்டு நான் வெளிய போனேன்."

"ஏங்க..." மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

"விடு. ஆனா டாக்டர், நான் எதையும் எடுக்கல. அந்தக் கடை மூணாவது மாடி. மாடிக்கு மாடி உக்காந்து மூச்சு வாங்கி, மேல போறப்ப மணி மூணு. லாக்கர் திறந்து கிடந்துச்சு. உள்ள ஒரு மூக்குத்திகூட இல்ல."

டாக்டர் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

"அப்ப இது உங்க மனைவியோட நாடி?"

"ஆமா."

"ரெண்டு மணிக்கு நூத்தி அறுபது இருக்கு. ஏதோ கெட்ட கனவுன்னு விட்டுட்டேன்."



பூட்டுக்காரர் மெதுவாகத் திரும்பினார். "நீ தூங்கலையா?"

மனைவி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"உங்கள விட்டா படியிலேயே மாட்டிப்பீங்க. அதான் பின்பக்கப் படியில நான் ஓடினேன்."

"மெஷினோடவா?"

"கழட்டினா தெரிஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க."

போன் மறுபடி அலறியது. டாக்டரின் கை அதை நோக்கி நகர்ந்தது.

மனைவி படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"போட்டுட்டுச் சீக்கிரம் இளைங்க. என்னைப் பார்க்க வர்ற இடத்துல எத்தனை படி இருக்கோ..."