எரியாத கால்

“கால் எரியலைங்க அத்தை.”

“எரியலையா? அப்போ நீ உப்பளத்துக்காரி ஆயிட்டேடி,” என்று மாமியார் செல்லம்மாள் சிரித்தாள். “பிரம்மதேசத்து வயல்ல நடந்த காலு. உரம் ஏற மூணு வருசம் ஆயிருக்குது.”

மூன்று நாளைக்கு முன் உப்பள வரப்பில் நடந்த அந்தப் பேச்சைத்தான் பாயில் படுத்தபடி அமராவதி திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி மரக்காணம் வந்த நாளிலிருந்து, பித்தவெடிப்பில் உப்புத்தண்ணீர் இறங்கினால் அவளுக்கு நெருப்பாய் எரியும்; அவள் அழுவது அந்தத் தெருவுக்கே வேடிக்கை. ஒரே காலையில் அது நின்றுபோனது. அன்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு மதமதப்பு, அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு முன் வந்துபோன வயிற்றுப்போக்கின் அசதி என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் முழங்கால்கள் மடங்கின. இரண்டும் ஒன்றாக, ஒரே அளவில். கூடையோடு வரப்பில் சரிந்தவளைக் கணவன் தூக்கிவந்தான். மூன்றாம் நாள் இடுப்பு. பிறகு விரல்கள். மடை திறந்த பாத்தியில் தண்ணீர் ஓசையில்லாமல் மட்டம் ஏறுவதுபோல் அது உடம்பில் ஏறிக்கொண்டே இருந்தது; புத்தி மட்டும் கழுவி வைத்த கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது.

நான்காம் நாள் காலையில் சைக்கிளில் வந்த கம்பவுண்டர் தட்சணாமூர்த்தி அவள் முழங்காலுக்குக் கீழே கையின் ஓரத்தால் தட்டினார். கால் துள்ளவில்லை. இன்னொரு முறை தட்டினார்.

“நரம்பு சம்பந்தம். மூச்சு வரைக்கும் ஏறலாம். ஏறிட்டா மெஷின் வெச்சுத்தான் மூச்சு விட வைக்கணும். இன்னிக்கே பாண்டிச்சேரிக்குக் கொண்டு போயிடுங்க. சீட்டு எழுதித் தர்றேன். புருசன் பேரு இன்னாம்மா?”

அந்த நிலையிலும் அவள் மாமியாரைத்தான் பார்த்தாள்.

“தேவநாதன்,” என்றாள் செல்லம்மாள். “கட்டினவன் பேரை அவ சொல்லுவாளா? கேக்குறாரு பாரு.”

உப்பு லாரி ஒன்றைப் பிடித்துவரத் தேவநாதன் கிளம்பினான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து குனிந்தான். “உன்ன ஒண்ணு கேக்கணும் அமராவதி.”

மூன்று வருடமாக அவன் இப்படித்தான் ஆரம்பிப்பான். அவள் “கேளுங்க” என்பாள். அவன் வெட்கத்தோடு சிரித்து, “அப்பறமா” என்று எழுந்து போய்விடுவான். இப்போது “கேளுங்க” என்று சொல்ல அவளுக்கு உதடு அசையவில்லை.

“வந்து கேக்குறேன்,” என்று போனான்.

மதியம் அவள் இமைகள் தாமாக இறங்கின. அவள் மூடவில்லை. திறக்கவும் முடியவில்லை. இருட்டுக்குள் காது மட்டும் மிச்சமிருந்தது. பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டர் கரகரத்தது. கடல்காற்று கூரை ஓலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கோழி ஒன்று அவள் தலைமாட்டில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. மூச்சுக்கு நெஞ்சு கால்வாசிதான் ஏறியது. பிறகு அதிலும் பாதி.

“யக்கா, மூச்சு வருதா பாருங்க,” என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சம்மாள்.

உப்பு வாடை முகத்தை நெருங்கியது. மாமியாரின் கை. நாற்பது வருடம் உப்பு வாரிய கை. அடுப்பிலிருந்து காய்ந்த தோசைக்கல்லைத் துணியில்லாமல் தூக்கி, “சுடலையே” என்று காட்டும் கை.

அமராவதி இருந்த பலத்தையெல்லாம் திரட்டித் தள்ளினாள். நூலிழையாய் ஒரு மூச்சு வெளியே போனது. அது போகும் ஓசை அவளுக்குக் கேட்டது.

கை மூக்கின் கீழே நின்றது. வெகுநேரம் நின்றது.

“வரலைடி அஞ்சம்மா.”

வருது அத்தை. வருது. இன்னொரு தடவை வைங்க.

ஒப்பாரி கிளம்பியது. அதற்கு நடுவே துணி கிழிபடும் ஓசை. ஒரு முறை. இன்னொரு முறை. தாடையை அழுத்தி மேலே தூக்கினார்கள். உச்சந்தலையில் முடிச்சு இறுகியது. பல்லோடு பல் சேர்ந்தது. கால் பக்கம் யாரோ உட்கார்ந்தார்கள்.

“கட்டைவிரலைச் சேத்துப் புடி.”

எதுவும் தெரியவில்லை. பிடித்தார்களா. கட்டினார்களா.

தெருவில் லாரி வந்து நின்றது. ஹாரன். ஓடிவரும் காலடி. வாசலில் அது நின்றுவிட்டது.

“தம்பி, நிக்கவா, போவவா?” டிரைவரின் குரல்.

நிறுத்துங்க. நிக்கச் சொல்லுங்க.

“போங்கண்ணே,” என்றான் தேவநாதன்.

எஞ்சின் சத்தம் பாண்டிச்சேரி ரோட்டில் ஏறியது. சின்னதானது. பிறகு இல்லை.

பாய் ஓரம் நெரிந்தது. பீடி வாடை. வியர்வை வாடை. அவன் வாய் அவள் காதருகே வந்தது. இறுகிய பல்லுக்குப் பின்னால், அசையாத நாக்கு. அதற்கும் கீழே அவள் நெஞ்சு, அவனுக்குக் கேட்காமல், அடித்துக்கொண்டே இருந்தது.

“ஒரே ஒரு தடவை,” என்றான். “என் பேரைச் சொல்லிக் கூப்புடு, அமராவதி.”