ஞாயிற்றுக்கிழமைப் பால்

எப்சி வீட்டுப் பசுவின் பெயர் பூசணி. அது வீட்டுக்கு வந்த நாளில் எப்சிக்கு ஆறு வயது. உருண்டு திரண்டு நின்ற மாட்டைப் பார்த்து, "பூசணிக்கா மாதிரி இருக்குது" என்றாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இந்த வருடம் கன்று பிறந்தபோது அப்பா சாந்தகுமார், "அப்போ இதுக்குச் சுரைக்கான்னு வச்சிடலாம்" என்று கேலி செய்தார். அதுவும் நிலைத்துவிட்டது.

ஆம்பூருக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் ராத்திரி ஷிப்ட். காலையில் எல்லாரும் கிளம்பிப் போன பிறகுதான் வீடு வந்து சேருவார். அம்மா ரோஸ், ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். காலையில் பால் கறந்து கேனில் ஊற்றிவிட்டு அம்மா கம்பெனி பஸ் பிடிப்பாள். கேனைப் பால் சங்கத்துக்குக் கொண்டு போவது ஐந்தாம் வகுப்பு எப்சியின் வேலை.

நாலு வருடமாக ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடிய வண்டி அது. போன மாதம்தான் மக்கர் செய்தது.

சங்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. கொஞ்சம் பாலை உள்ளே விட்டால், அதில் கொழுப்பு எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். ஒரு திங்கட்கிழமை காலை எப்சி கொண்டு போன பாலுக்கு எண் தடாலென்று கீழே இறங்கியது. சங்கத்துச் செயலாளர் பரணிதரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

"ஃபேட் ரொம்பக் கம்மியா இருக்குதே பாப்பா. வீட்ல இன்னா பண்ணீங்க?" என்றார்.

எப்சி விழித்தாள். ஒன்றும் பண்ணவில்லையே. வரிசையில் பின்னால் நின்ற ஒரு அக்கா, இவர்கள் தெருவில் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது போலிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். எப்சிக்கு முதலில் அது புரியவில்லை. பாதி வழி வந்த பிறகு புரிந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே கதை. ஆனால் சாயங்காலம் கொண்டு போன பாலில் ஒரு குறையும் இல்லை. அதே மாடு, அதே புல், அதே அம்மா கை, அதே கேன். காலையில் மட்டும் கொழுப்பு எங்கே ஓடிப்போகிறது?

எப்சி தன்னால் முடிந்த துப்பறியும் வேலை எல்லாம் செய்தாள். கழுவிய கேனில் ஈரம் இருக்கிறதோ என்று பாவாடையால் உள்ளே துடைத்தாள். பாவாடைக்காக அடி வாங்கினாள். பூசணியின் காலைத் தீவனத்தை மாற்றிப் பார்த்தாள். பூசணிக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டுத் தோழி ஹீனா, மாட்டுக்குக் கண் பட்டிருக்கும் என்றாள். அவள் சொன்னபடி பூசணியின் கொம்பில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். பூசணி அதைத் தலையை ஆட்டி ஆட்டி அவிழ்த்துத் தின்றுவிட்டது.

பெட்டிதான் கெட்டுப்போயிருக்கும் என்று அப்பா சொன்னார். ஆனால் மற்றவர்கள் பாலுக்குப் பெட்டி சரியாகத்தான் எண் காட்டியது. பரணிதரனே தலையைச் சொறிந்தார். "இந்தப் பொட்டி கொழுப்பு கம்மின்னுதான் சொல்லும். ஏன் கம்மின்னு சொல்லாது" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் எப்சியின் பாலைப் பொதுக் கேனில் கலக்காமல் தனியாக வைத்தார். இப்படியே போனால் இனி வாங்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

ஊர் வாய்க்கு மூடி ஏது? சங்கத்தில் கிளம்பிய பேச்சு கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டது. சனிக்கிழமை சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் யாரோ அவளைப் பார்த்து, தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தாயா, இல்லை கேனில் ஊற்றிவிட்டாயா என்று கேட்டிருக்கிறார்கள். பஸ் முழுக்கச் சிரித்திருக்கிறது.

"மாட்ட வித்துடலாம்" என்றாள் அம்மா. "தண்ணி ஊத்துறவன்னு பேர் வாங்கிக்கினு எனக்கு மாடு வேணாம்."

அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா அசையவில்லை. கடைசியில் அப்பாவும் ஒத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை பொய்கை என்ற ஊரில் மாட்டுச் சந்தை. திங்கட்கிழமை காலையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் தரகருக்கு போன் செய்து, வண்டி கொண்டுவரச் சொல்வதாக முடிவாயிற்று. எப்சிக்குச் சோறு இறங்கவில்லை. பூசணி இல்லாத கொட்டகையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு. கம்பெனி லீவு. அம்மா வழக்கம்போலப் பால் கறந்தாள். எப்சி அழுத கண்ணோடு கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். பெட்டி எண் காட்டியது. பரணிதரன் குனிந்து பார்த்தார், எப்சி எட்டிப் பார்த்தாள். எண் பழையபடி ஏறியிருந்தது! பரணிதரன் அந்தப் பாலைப் பொதுக் கேனில் ஊற்றினார்.

விஷயத்தைக் கேட்டதும் அப்பா, "ஞாயித்துக்கெழமன்னா நம்ம மாடும் பக்தியாயிடுதோ இன்னாவோ" என்றார். அம்மா சிரிக்கவில்லை. ஒரு நாள் சரியாக வந்தால் ஆயிற்றா, திங்கட்கிழமை மறுபடி வரிசையில் நிற்க வேண்டுமே என்றாள்.

எப்சிக்குக் குழப்பம் இரண்டு மடங்காயிற்று. சாயங்காலப் பால் நல்ல பால். ஞாயிற்றுக்கிழமைப் பாலும் நல்ல பால். மற்ற நாள் காலைப் பால் மட்டும் கெட்ட பால். கோயில் ஆராதனையில் பாட்டுப் பாடும்போதும் இதே யோசனை. பக்கத்தில் இருந்தவர்கள் உட்கார்ந்த பிறகும் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்ன இல்லை? பள்ளிக்கூடம் இல்லை. கம்பெனி இல்லை. கம்பெனி பஸ் இல்லை.

பஸ்! போன திங்கட்கிழமையிலிருந்துதான் பஸ் அரை மணி முன்னதாக வருகிறது. தெரு முனையில் ஹாரன் அடித்ததும் அம்மா கறப்பதை நிறுத்திவிடுவாள். "மீதிய கன்னு குடிச்சிக்கும்" என்று சுரைக்காயை அவிழ்த்துவிட்டு ஓடுவாள். அதனால்தான் சுரைக்காய் இப்போதெல்லாம் காலையில் வயிறு புடைக்க நிற்கிறது. இன்றைக்கு மட்டும், அம்மா நிதானமாகக் கடைசி வரை கறந்துவிட்டதால், பசி பசி என்று கத்தியது.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். கொஞ்சம் பாலைக் கன்றுக்கு விட்டால் பால் அளவு குறையும், சரி. மீதிப் பால் எப்படித் தண்ணீராகும்? ஒரு குடத்தில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டால் மீதித் தண்ணீர் வேறு தண்ணீராகிவிடுமா என்ன? எப்சி யோசித்து யோசித்து, தலை வலிக்கிறது என்று ஹீனா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஹீனாவின் அம்மா முனவ்வர் பேகம் இருவருக்கும் டீ கொடுத்தார். எப்சி ஒரு வாய் குடித்தாள். சப்பென்று இருந்தது. அடுத்த வாயும் சப்பென்று இருந்தது. சர்க்கரை போட மறந்துவிட்டார் போல என்று மரியாதைக்குப் பேசாமல் குடித்தாள். கடைசி வாயில் பார்த்தால், தொண்டை கரகரக்கும் அளவுக்கு இனிப்பு. கலக்காத சர்க்கரை எல்லாம் அடியில் தங்கியிருந்தது.

எப்சி காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, ஈ வியுந்துச்சா?" என்று கேட்டாள் ஹீனா.

"இல்ல. கடைசி வாய நான் குடிக்காம வுட்டிருந்தா, சக்கரையே இல்லன்னு உங்கம்மாவச் சொல்லியிருப்பேன்" என்றாள் எப்சி. ஹீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்சி அதற்குள் வாசலைத் தாண்டி ஓடிவிட்டாள்.

அன்று யாரிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தப்பாகப் போனால்? கறுப்புக் கயிறு மாதிரி இதையும் பூசணி தின்றுவிட்டால்?

திங்கட்கிழமை காலை எப்சி அம்மாவுக்கு முன்னால் எழுந்துவிட்டாள். கறப்பதற்கு முன் பால் சுரப்பதற்காகக் கன்றைக் கொஞ்ச நேரம் விடுவது வழக்கம். இன்றைக்கு எப்சி சுரைக்காயை ஒரு பங்கு கூடவே குடிக்க விட்டாள். பின்னால் ஏமாறப்போகிற பிள்ளை அல்லவா? பிறகு அம்மா உட்கார்ந்து கறந்தாள். பால் பாத்திரத்தில் சர்ரு சர்ரென்று விழுந்தது. தெரு முனையில் ஹாரன் அடித்தது. அம்மா எழுந்து பாலைக் கேனில் ஊற்றினாள்.

"ம்மா, கன்ன அவுக்காத. மீதிய நான் கறக்கிறேன்."

"இன்னாத்துக்குடி? ஒதச்சிடப் போவுது."

"ஒதைக்காதும்மா. நீ போ, பஸ் போய்டும்."

பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை. அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினாள். எப்சி ஒரு சொம்பை முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். லீவு நாளில் அம்மாவிடம் கொஞ்சம் கொஞ்சம் கறந்து பழகியிருக்கிறாள். ஆனால் கூட அம்மா இல்லாமல் இதுதான் முதல் தடவை. பூசணி திரும்பி, யார் நீ என்கிற மாதிரி பார்த்தது. வாலால் ஒரு அடி போட்டது. உதைக்கவில்லை. சுரைக்காய் கயிற்றை இழுத்துக்கொண்டு ஊரே கேட்கும்படி கத்தியது. எப்சிக்கு விரல் வலித்தது. இனி ஒரு சொட்டும் வராது என்று தெரிந்த பிறகுதான் எழுந்தாள்.

ஒரு கையில் கேன், ஒரு கையில் சொம்பு. சங்கத்துக்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"மாமா, இது ரெண்டையும் தனித்தனியா பாருங்க."

பரணிதரன் முதலில் கேன் பாலைப் பார்த்தார். எண் தரையில் கிடந்தது. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அடுத்து சொம்புப் பாலைப் பார்த்தார். எண் விறுவிறுவென்று மேலே போனது. அவர் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். அதே எண்.

"இது எரும பாலாச்சே. யார் வூட்ல வாங்கினு வந்த?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

எப்சிக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல பால் கொண்டுவந்தாலும் திட்டுகிறார்களே! ஆனாலும் விடவில்லை. பஸ் முன்னதாக வருவதையும், அம்மா பாதியில் எழுந்து ஓடுவதையும், கடைசிப் பால் கன்றுக்குப் போவதையும், அடியில் தங்கிய சர்க்கரையையும் விக்கி விக்கிச் சொல்லி முடித்தாள்.

பரணிதரன் சொம்புப் பாலைக் கேனில் ஊற்றிக் கலக்கி, மூன்றாம் முறை பெட்டியில் விட்டார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்த அதே எண் வந்தது.

"கடைசிப் பாலுதான் கெட்டி. எனக்குத் தெரிஞ்ச சங்கதிதான்" என்றார் அவர். "எப்படிக் கறக்கிறீங்கன்னு ஒரு வார்த்த கேக்காம வுட்டேனே." எப்சியின் பாலை எடுத்துப் பொதுக் கேனில் ஊற்றினார்.

அந்த நேரம் மேட்டுக் காலனியைச் சுற்றிக்கொண்டு கம்பெனி பஸ் சங்கத்து முனைக்கு வந்து நின்றது. பெண்கள் ஏறினார்கள். ஜன்னலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். சங்கத்தின் பக்கம் திரும்பாமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரணிதரன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நேராக பஸ்ஸுக்குப் போனார்.

"ரோஸம்மா," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "உங்க பால்ல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. உங்க பொண்ணு இத்தினி பேர் எதிர்ல காட்டிட்டா. சந்தேகப்பட்டது எங்க தப்பு."

குழாய்த் தண்ணீர் பற்றிப் பேசிய அக்கா அப்போதுதான் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் திடீரென்று தன் செருப்பைப் பார்க்க வேண்டிய வேலை வந்துவிட்டது. அம்மா நிமிர்ந்து எப்சியைப் பார்த்தாள். எப்சி காலிச் சொம்பைத் தூக்கிக் காட்டினாள். என்ன நடந்தது என்று அம்மாவுக்கு முழுக்கப் புரிந்திருக்காது. ஆனாலும் அவள் முகம் மலர்ந்தது, கண் கலங்கியது. ஒரு வாரமாகக் குனிந்திருந்த தலையை நிமிர்த்தி, பஸ்ஸில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

பஸ் நகர்ந்தது. அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"எப்சி, ஓடு. அப்பா வந்ததும் தரகருக்கு போன் போட்டுடப் போறாரு. பூசணி எங்கயும் போவலன்னு சொல்லு!"

எப்சி ஓடினாள். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில்கூட அவள் அப்படி ஓடியதில்லை.