போயிட்டு வரேன்

எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த பெரியம்மாவின் வீட்டில் கால் வைத்த இடமெல்லாம் தடம் பதியும் அளவுக்குத் தூசி. மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் அறையில் மட்டும் தரை இப்போதுதான் பெருக்கியதுபோல் பளிச்சென்றிருந்தது. நூலகராக வேலை பார்க்கும் அவள் அதைக் கதவருகில் நின்றே பார்த்தாள். பின்னால் அவள் தம்பி சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"நீ பெருக்கினியா?"

"சொந்த வீட்டுலயே துடைப்பத்தைத் தொடமாட்டேங்கறான்னு என் பொண்டாட்டி ஊர் பூரா புலம்பறா. இதையா வந்து பெருக்கப் போறேன்?"

அவள் நம்பவில்லை. சின்ன வயதில் அவளுடைய பென்சில் பெட்டிக்குள் பல்லியை வைத்து மூடியவன் அவன். நாற்பதைத் தொடப்போகிறவன் என்றாலும் வால் முழுக்க அறுந்துவிடவில்லை.

அந்த அறையில்தான் ஆறு வயதில் பெரியம்மா அவளை அடைத்தாள். குற்றம் ஒரே ஒரு சொல். பள்ளிக்கூடம் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லிவிட்டாள். போறேன் என்று சொல்கிறவள் திரும்பி வரமாட்டாள், போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது பெரியம்மாவின் சட்டம். விளக்கு வைக்கும் நேரத்தில் கதவு திறந்தபோது, பாடம் படித்துவிட்ட குழந்தை வாசற்படியிலேயே திரும்பி, இருட்டைப் பார்த்து ஒழுங்காகச் சொன்னது: "போயிட்டு வரேன்."

அன்றிலிருந்து மூடிய இடம் என்றாலே அவளுக்கு உயிர் போய்விடும். லிப்டில் ஏறமாட்டாள். நூலகத்தின் அடித்தளத்துக்குப் போகமாட்டாள். குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடாமல், பதினைந்து வருடமாகக் கணவரைக் காவலுக்கு நிறுத்தினாள். அவரும் வெளியே நின்று செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பார். இதுவரை அது வெறும் கேலிக்குரிய விஷயமாகத்தான் இருந்தது. இப்போது தலைவலி வந்து இடது கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஸ்கேன் எடுக்காமல் கத்தியைத் தொடமுடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இரண்டு முறை ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் பாதி போனதும் அலறி எழுந்து ஓடிவந்துவிட்டாள். நாளைக் காலை மூன்றாவது முறை. இதையும் விட்டால் கண் போகும், அதோடு நிற்குமா என்றும் தெரியாது.

"அந்த ரூமுக்கே போங்க. பத்து நிமிஷம் உக்காருங்க. வெளிய வரும்போது 'போறேன்'னு சொல்லிட்டு வாங்க, போதும்," என்றிருந்தார் மனநல ஆலோசகர்.

"கதவைச் சாத்து. விளையாடினே, கொன்னுடுவேன்," என்றாள் தம்பியிடம்.

சாத்தினான். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த பகல் பதினொரு மணி, கதவின் அடியில் ஒரு கோடாகச் சுருங்கியது. பழந்துணியும் எலிப்புழுக்கையும் அந்துருண்டையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. தலைக்கு மேலே படிக்கட்டின் அடிப்பலகைகள் வெயில் சூட்டில் ஒவ்வொன்றாக நெட்டி முறித்தன. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தன் மூச்சைக் கேட்டாள். உள்ளே. வெளியே. உள்ளே. வெளியே.

அதில் ஏதோ இடித்தது. அவள் மூச்சைப் பிடித்தாள்.

மூச்சுச் சத்தம் நின்றது. ஒரு நொடி தாமதமாக.

தம்பிதான். கதவில் வாயை வைத்துக்கொண்டு நிற்கிறான். ஆனால் சத்தம் கதவுப் பக்கம் இல்லை. மூலையில். தாழ்வாக. உட்கார்ந்திருக்கும் குழந்தையின் உயரத்தில்.

எழவில்லை. கத்தவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது.

"எனக்கு நாப்பத்தொரு வயசாயிடுச்சு," என்றாள் இருட்டிடம். "இனிமே உனக்குப் பயப்பட மாட்டேன்."

கொஞ்ச நேரத்தில் நெஞ்சின் அடிப்பு தணிந்தது. பிறகு, முப்பத்தைந்து வருடமாக நெஞ்சுக்குள் இருந்த முடிச்சு ஒன்று தானாக அவிழ்ந்தது. தம்பி கதவைத் திறந்தபோது அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஜெயித்துவிட்டாள். சந்தோஷத்தில் கால் வாசற்படியைத் தாண்டியது, பழகிய நாக்கு தன்பாட்டுக்குச் சொன்னது.

"போயிட்டு வரேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

"வேணாம்," என்றது பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல். "நான் வரேன்."

சட்டென்று தம்பியைப் பார்த்தாள். அவன் அண்ணாந்து பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

"என்னக்கா? பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"ஒண்ணுமில்ல. பூட்டு."

காதுதான் ஏமாற்றுகிறது என்று முடிவு செய்தாள். கண் மங்கும்போது காது மட்டும் ஒழுங்காக இருக்குமா? அன்று இரவு குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட்டுக் குளித்தாள். கணவர் நம்பமுடியாமல் செய்தித்தாளும் கையுமாக நின்றார்.

காலையில் ஸ்கேன் அறையில் வேலை செய்யும் பெண் அவளைப் படுக்கவைத்து, தலை அசையாதபடி கூண்டு மாதிரி ஒன்றை முகத்தின் மேல் மாட்டி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். "இருபது நிமிஷம்தாம்மா. பயமா இருந்தா இதை அமுக்குங்க, உடனே வெளிய எடுத்துடறேன்."

பலகை உள்ளே நகர்ந்தது. மூக்குக்கு நான்கு விரல் மேலே வெள்ளைக் கூரை. இயந்திரம் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டத் தொடங்கியது. அவள் பயத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. துளிகூட. அதுதான் சந்தேகமாக இருந்தது.

தட்டல் நின்றது. மௌனம்.

தனியாக இல்லை. அதனால்தான் பயம் வரவில்லை.

விலாவோரம் குளிர். தோளோடு ஒட்டி ஒரு தலை. பந்தை அமுக்கவேண்டும். இப்போதே.

சின்ன விரல்கள் அவள் கைக்குள் நுழைந்தன. சில்லென்று. அவசரமே இல்லாமல், அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பந்தை எடுத்துக்கொண்டன.