கார்டிலிருந்து கசிந்த தண்ணீர்

சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்தெருவில் இருக்கும் அந்த வீட்டின் கூடத்தில், செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு ஐந்து பேர் இருந்தார்கள். சோபாவின் சுவரோர மூலையில் சுந்தரவல்லி. போன வாரம் இளைய மகன் ஹர்ஷாவைப் பறிகொடுத்தவர். அவருக்கு எதிரே, சாப்பாட்டு மேஜையிலிருந்து இழுத்துப் போட்ட நாற்காலியில் மூத்த மகன் தோத்தாத்ரி. தகப்பனார் இல்லாத வீடு. தம்பிக்குக் காரியம் செய்வதால் முகம் மழிக்காமல் வேட்டியோடு இருந்தான். ஜன்னலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்து வீட்டு சவுரிமுத்து, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசல் கதவருகே, செருப்புப் பெட்டியின் மேல் அபிகாயில். எட்டு மாத வயிறு. சோபாவில் உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். அவள் கணவன் டெனிஸ்தான் ஹர்ஷாவின் சாவுக்காகச் சிறையில் இருப்பவன். ஐந்தாவது ஆள், தலைமைக் காவலர் கங்கம்மா, உட்காரவில்லை. ஹர்ஷாவின் அறைக் கதவருகே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு ஆய்வாளர் தபீதாள் வெளியே வந்தார். கையில் ஒரு புகைப்படம்.

நடந்தது இது. முந்தைய வாரத் திங்கட்கிழமை, காலை ஆறேகால். தம்பியை எழுப்பப் போன தோத்தாத்ரி, அவன் தரையில் குப்புறக் கிடப்பதைப் பார்த்தான். தரை முழுக்கத் தண்ணீர். ஹர்ஷாவின் வலக்கை கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் தொட்டபடி இருந்தது. தோத்தாத்ரி ஓடிப்போய் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கத்தினான். மின்சாரம் தாக்கிய மரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது.

ஹர்ஷா, கட்டப்போகும் அடுக்குமாடிகளைக் கட்டி முடித்ததுபோல் படமாக்கிக் கொடுப்பவன். ராத்திரி கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் படுத்தால் விடியும்போது படங்கள் தயாராக இருக்கும். அந்த வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. அது கொதிக்கக் கொதிக்க உழைக்கும் என்பதால் அறையில் ஏசியும் விடிய விடிய ஓடும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? தோத்தாத்ரி கொடுத்த புகார் அதற்குப் பதில் சொன்னது. அந்தக் கார்டின் சூட்டைத் தணிக்கும் செம்புத் தகட்டுக்குள் தண்ணீர் இருக்கிறது. சேலையூரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் டெனிஸ், ஹர்ஷாவோடு காட்டாங்குளத்தூரில் படித்தவன், இரண்டு வாரத்துக்கு முன் வந்து கார்டைக் கழற்றிச் சுத்தம் செய்தான். அப்போது தகட்டில் டிரில் ஏறி ஓட்டை விழுந்தது. தெரிந்தும் சொல்லாமல் திரும்ப மாட்டிவிட்டான். தண்ணீர் கசிந்து, கரண்டில் பட்டு, தம்பி போய்விட்டான்.

ஓட்டை இருந்தது. அன்று காலை காவல்துறைப் புகைப்படக்காரர் எடுத்த படத்தில் செம்புத் தகட்டின் விளிம்பில் அது தெளிவாகத் தெரிந்தது. அதற்கு நேர் கீழே, கார்டின் விசிறி இதழ் ஒன்றில் மினுமினுவென்று மூன்று செம்புச் சுருள்கள். டெனிஸ் கடையில் பேட்டரி டிரில்லும் இருந்தது. கைது செய்ய அது போதுமானதாக இருந்தது. தெரிந்தே செய்தான் என்று புகார் சொன்னதால், ஜாமீன் கிடைக்காத பிரிவு. கைது செய்த அதிகாரி திருவிழா பந்தோபஸ்துக்குப் போய்விட, சனிக்கிழமை கோப்பு தபீதாளின் மேஜைக்கு வந்தது.

அவர் முதலில் சிறைக்குப் போனார். டெனிஸ் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்: தூசி தட்டினேன், சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டை வழித்துப் புதுசு தடவினேன், டிரில்லை எடுத்துக்கொண்டே போகவில்லை. அந்தக் கார்டுக்குள் தண்ணீர் இருப்பதாகத் தோத்தாத்ரிக்கு யார் சொன்னது என்று கேட்டதற்கு, நான்தான் என்றான். காபி குடிக்கும்போது அண்ணன் கேட்டார், சொன்னேன். அதற்கு மேல் அண்ணன் ஒன்றும் கேட்கவில்லையாம்.

பிறகு பறிமுதல் செய்த பொருள்களைப் பார்த்தார். தரையில் கிடந்த, கம்ப்யூட்டர் பிளக் சொருகியிருந்த ஜங்ஷன் பாக்ஸ் இருந்தது. அதன் உள்ளே இன்னும் ஈரம். அதன் பிளக்கில் மூன்று முள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த சவுரிமுத்து ஸ்டேஷனுக்கே வந்து ஒரு முறையீடு வைத்தார். துக்க வீடு என்று ஒரு வாரம் பொறுத்தேன் மேடம் என்று ஆரம்பித்தார். அந்த வீட்டு ஏசி பைப் இரண்டு வருஷமாக அவர் பக்கத்துத் தகரக் கூரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சண்டை போட்டுப் போட்டு, போன மாதம்தான் பைப்பை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். இப்போது மறுபடி அவர் பக்கம் நீட்டிவிட்டிருக்கிறார்கள், புது டேப் சுற்றி. பையனை ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே பார்த்தாராம். "சாவு வூட்ல நின்னுக்கினு இத கேக்க முடியுமா?" என்று கங்கம்மா அவரை அடக்கி அனுப்பினார். தபீதாள் அவரைத் திரும்பக் கூப்பிட்டு, எழுதித் தரச் சொன்னார்.

திங்கட்கிழமை, அதே மாதிரித் தகடுள்ள செத்துப்போன கார்டு ஒன்றைப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்தார். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டுக் காக்கிச் சட்டை போட்டவர் அவர். ஸ்டேஷன் மேஜையில் வைத்து விளிம்பில் டிரில் போட்டார். கங்கம்மா அடியில் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். தட்டில் ஒரு சொட்டு விழவில்லை. கடைசியில் தகட்டை ரம்பத்தால் அறுத்துப் பிளந்து, உள்ளே காகிதத்தை ஒற்றி எடுத்தார். ஒரு ரூபாய் காசு அளவுக்கு ஈரம்.

"இவ்ளோதானாம்மா? என் பேத்தி மூக்க சிந்துனாலே இதவிட ஜாஸ்தி வரும்" என்றார் கங்கம்மா.

இப்போது, செவ்வாய்க்கிழமை மாலையில், தபீதாள் தோத்தாத்ரியின் எதிரே நின்றார்.

"அன்னைக்கு நீங்க உள்ள போனப்ப கம்ப்யூட்டர் ஓடிட்டு இருந்துச்சா?"

"ஓடிண்டிருந்தது. ஃபேன் சத்தம் பெருசா கேட்டுது. நான்தான் மெயினை ஆஃப் பண்ணினேன்."

"அதுக்கப்புறம் அது ஓடல."

"இல்ல."

"போலீஸ் வர்ற வரைக்கும் அந்த ரூமுக்குள்ள யார் யார் போனாங்க?"

"நான் மட்டும்தான். அம்மாவைக்கூட விடலை."

"வீட்ல பேட்டரி டிரில் இருக்கா?"

திரைச்சீலை மாட்ட வாங்கியது ஒன்று இருக்கிறது என்றான். எல்லார் வீட்டிலும் இருப்பதுதானே என்றும் சொன்னான்.

தபீதாள் பொதுவாக எல்லோருக்கும் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். அந்தத் தகடு உள்ளே பொந்தான செம்புப் பெட்டி. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு ஸ்பூன்கூட வராத தண்ணீரை விட்டு மூடியிருப்பார்கள். காற்று இல்லாத இடத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். கார்டின் சில்லு சூடானதும், அதன்மேல் படிந்த தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகித் தகடு முழுக்கப் பரவும். மறுபக்கம் அலுமினிய மடிப்புகளில் விசிறிக் காற்று படுவதால் அங்கே குளிர்ந்து மறுபடி தண்ணீராகும். உட்சுவரில் ஒட்டியிருக்கும் செம்புப் பொடி, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அதைச் சில்லிடம் இழுத்து வரும். மோட்டார் கிடையாது, குழாய் கிடையாது. அந்தக் கொஞ்சம் தண்ணீரே சுற்றிச் சுற்றி வேலை செய்யும்.

"அதுல ஓட்டை போட்டா தண்ணி வெளிய வராது. காத்துதான் உள்ள போகும். காத்து போச்சுன்னா அந்தத் தகடு செத்துச்சு. சில்லு சூடு தாங்காம கொஞ்ச நேரத்துல தன்னையே நிறுத்திக்கும். டெனிஸ் ரெண்டு வாரம் முன்னாடி ஓட்டை போட்டிருந்தா, அன்னைக்கு சாயங்காலமே ஹர்ஷா அவனுக்கு போன் பண்ணித் திட்டியிருப்பாரு. ஆனா சாகற ராத்திரி வரைக்கும் கார்டு படம் போட்டுட்டே இருந்திருக்கு. டிஸ்க்ல அத்தனையும் இருக்கு."

தோத்தாத்ரி நிமிர்ந்தான். "நடு ராத்திரி ஏதோ தானா விரிசல்…"

"விரிசல் இல்ல, டிரில் ஓட்டை. இத பாருங்க."

புகைப்படத்தை அவன் மடியில் வைத்தார். விரல் நகத்தால் ஓர் இடத்தைக் காட்டினார்.

"ஓட்டை போட்ட செம்புச் சுருள். எதுமேல இருக்கு?"

அவன் பார்த்தான்.

"விசிறி இதழ் மேல. நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்துக்கு மேல சுத்தற விசிறி. ஒரு தடவை சுத்தியிருந்தாலும் இது அங்க நிக்காது. ஓட்டை போட்டதுக்கு அப்புறம் அந்த விசிறி சுத்தவே இல்ல. அது நின்னது நீங்க மெயினை அணைச்சப்ப. அதுக்கப்புறம் உள்ள போனது நீங்க ஒருத்தர்தான். உங்க தம்பி கீழ கிடக்கும்போது நீங்கதான் அத போட்டீங்க தோத்தாத்ரி."

சவுரிமுத்து சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். தோத்தாத்ரி படத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

"தரையில இருந்தது ஏசி தண்ணி" என்று தபீதாள் தொடர்ந்தார். "பைப்பை உள்ள இழுத்து பக்கெட்டுல விட்டிருந்தீங்க. அது ரொம்பி வழிஞ்சிருக்கு. அன்னைக்குக் காலைல பக்கெட்டை எடுத்துட்டு, பைப்பை வெளிய நீட்டி டேப் சுத்திட்டீங்க. ஏசிக்குக் கீழ மொசைக்ல வட்டமா கறை இருக்கு."

"அது பூந்தொட்டி வெச்ச எடம்."

"பூந்தொட்டி இல்ல" என்றார் சுந்தரவல்லி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பக்கெட்தான். நீலக் கலர். தெனம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி நான்தான் கொண்டுபோய்க் கொட்டுவேன். அன்னிக்கு நங்கநல்லூர்ல ஒரு சீமந்தத்துக்குப் போய்ட்டு அசதியா வந்து படுத்துட்டேன்."

"அம்மா, நீ பேசாதே."

"நீ எதுக்கு மறைச்சேன்னு தெரியும்டா."

"உனக்குத் தெரிய வேண்டாம்னுதான்மா…" தோத்தாத்ரி நாற்காலியை அம்மாவின் பக்கம் நகர்த்தினான். "நீ கொட்டாததால அவன் போய்ட்டான்னு நீ நெனச்சுண்டே உக்காந்திருப்பே. தண்ணி வேற எங்கேருந்தாவது வந்திருக்கணும். டெனிஸ் சொன்னது ஞாபகம் வந்தது."

"எனக்கு அன்னிக்கே தெரியும். பக்கெட்டை பாத்ரூம்ல கழுவிக் கவுத்து வெச்சிருந்தே. நான் அப்படிக் கவுக்க மாட்டேன். நீ கார்டுன்னே. நானும் அதையே பிடிச்சுண்டேன்."

செருப்புப் பெட்டியின் மேலிருந்து அபிகாயில் கேட்டாள், தாழ்ந்த குரலில். "இத்தனை நாளா, மாமி?"

சுந்தரவல்லி அவள் பக்கம் பார்க்கவில்லை.

தபீதாள் சுந்தரவல்லியிடம் சொன்னார். "அம்மா, பக்கெட் வழிஞ்சா தரை நனையும். அதனால மட்டும் ஆள் சாக மாட்டாங்க. தண்ணி ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள போனதும் கரண்ட் எர்த் கம்பி வழியா பூமிக்கு இறங்கியிருக்கணும், மெயின் தானா விழுந்து அணைஞ்சிருக்கணும். எர்த் முள்ளை எடுத்துட்டா அது இறங்க வழியில்ல. அதே கம்பி வழியா கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஏறி நிக்கும். ஈரத்துல வெறுங்கால்ல நின்னு அந்தப் பெட்டியைத் தொட்டாரு." தோத்தாத்ரியிடம் திரும்பினார். "அந்த முள்ளை எடுத்தது யாரு?"

"நான்தான்" என்றான் தோத்தாத்ரி. "சுவத்து பாயிண்ட்ல நுழையலை. உடைச்சேன்."

இரவு எட்டு மணிக்கு ஸ்டேஷனில் சுந்தரவல்லியின் வாக்குமூலத்தைக் கங்கம்மா எழுதினார். எழுதியதை வாங்கிப் படித்த சுந்தரவல்லி, ஒரு வரியில் நின்றார். 'மகனுக்குப் பயந்து மறைத்தேன்' என்று இருந்தது. பயந்து இல்லை, நானாகத்தான் மறைத்தேன் என்று எழுதச் சொன்னார். திருத்திய இடத்தில் தனியாக ஒரு கையெழுத்தும் போட்டார். பிறகு தபீதாளின் மேஜைக்கு வந்தார்.

"நாளைக்குப் பத்தாம் நாள். பண்றதுக்கு வேற யாரும் இல்ல. அவனை விடுவேளா?"

தபீதாள் பேனாவை எடுத்தார். நீதித்துறை நடுவருக்கான அறிக்கையில் மூன்று பத்திகள் ஏற்கெனவே முடிந்திருந்தன: செம்புச் சுருள் எங்கே கிடந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, ஆகையால் டெனிஸ் குற்றமற்றவன், உடனே விடுவிக்கக் கோருகிறேன். அதைத் தனியாக வைத்துவிட்டு, இன்னொரு தாளில் எழுதினார். இன்று கைதான தோத்தாத்ரியை, அவர் தம்பியின் பத்தாம் நாள் காரியத்துக்காக, காவல் துணையோடு ஒரு முற்பகல் அனுமதிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இரண்டு தாள்களையும், புகைப்படத்தையும், வாக்குமூலத்தையும் ஒரே உறையில் போட்டார். வெளி பெஞ்சின் ஒரு முனையில் அபிகாயிலும் மறு முனையில் சுந்தரவல்லியும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் அந்த உறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தபீதாள் மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டி, உறையின் வாயில் சொட்டவிட்டு, முத்திரையை அழுத்தினார். அது இறுகும் வரை ஊதிவிட்டு, தாம்பரத்தில் நடுவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிக் கங்கம்மாவிடம் நீட்டினார்.