நேற்று இரண்டு பேர்

"அந்தப் புள்ளி பிழைங்க."

காதுக்குப் பக்கத்தில் ஒரு ஆண்குரல்! சுபோதினி திடுக்கிட்டுத் திரும்பினாள். வெள்ளவத்தையில், காலி வீதிச் சேலைக்கடை ஒன்றின் தகரக் கூரைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நிற்கும் பெண்ணின் போனை எட்டிப் பார்ப்பது என்ன பழக்கம்? நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்றுதான் திரும்பினாள். ஆனால்... அந்தக் கண்கள்! இமை நுனியெல்லாம் மழைத்துளி. சிரிக்கலாமா, வேண்டாமா என்று அனுமதி கேட்டு நின்ற கண்கள். நாலு கேள்வியில் மூன்று மறந்துபோயிற்று.

"மற்ற ஆக்களின்ர போனைப் பாக்கிறது மட்டும் சரியோ?"

"அதுவும் பிழைதாங்க. மன்னிச்சுக்குங்க மிஸ். ஆனா அது எங்க ஊரு... நீர்க்கல் தோட்டம். கொழும்புல ஒரு போன்ல அந்தப் பேரப் பாத்ததும் கழுத்து தானா நீண்டுருச்சு."

"மிஸ் எண்டு கூப்பிடாதேங்கோ. நான் ரீச்சர் இல்லை."

அவன் பெயர் பிரதீஸ். கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். அவள் கொள்ளுப்பிட்டியில் காப்புறுதி அலுவலகமொன்றில் வேலை. மாலையானால் விக்கிப்பீடியாவில் யாரும் கவனிக்காத சின்னச் சின்ன ஊர்களைப் பற்றித் தமிழில் எழுதுவாள். மலைநாட்டுத் தேயிலை ஊரான நீர்க்கல் தோட்டத்தையும் அவள்தான் எழுதியிருந்தாள். போய்ப் பார்த்ததில்லை, பழைய வரைபடப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, ஊர் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளியும் வைத்திருந்தாள்.

மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. அவளுக்கும் விட்டால் நல்லது என்று தோன்றவில்லை, ஏனோ...

"இது எத்தின பேர் வாசிச்சவை எண்டு காட்டுற கோடு," என்று போனை நீட்டினாள். "ஒரு நடிகர் செத்தால், ஒரு அமைச்சருக்குப் பதவி போனால், அடுத்த நாள் அவரைப் பற்றின பக்கத்தின்ர கோடு மலை மாதிரி எழும்பி நிக்கும். செய்தி கேட்டவுடன சனம் ஓடி வந்து தேடுது பாருங்கோ. எனக்கு அதைப் பாக்க நல்ல விருப்பம்."

"எங்க ஊருக்கு?"

"ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஆள்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அது... நான்தான்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது. "அப்பிடியே படுத்துக் கிடக்கட்டுங்க. நல்லா இருக்கிற ஊர யாரும் தேட மாட்டாங்க. அந்தக் கோடு எந்திரிச்சிச்சின்னா எங்களுக்கு ஏதோ ஆயிருச்சின்னு அர்த்தம்."

மழை விட்டது; போன் நம்பர்களை மாற்றிக்கொண்டு பிரிந்தார்கள். அடுத்த நாள் கோட்டைப் பார்த்தாள். இரண்டு பேர்! அதற்கு அடுத்த நாளும் இரண்டு. யாராய் இருக்கும்? தெரியாத மாதிரி நடித்துக்கொண்டாள், தன்னிடமே.

பிறகு சனிக்கிழமைகளில் கடற்கரையோர ரயில் பாதை பக்கம் நடை, ஆளுக்கொரு மீன் ரோல்ஸ், நிறையக் கதை. ஒரு சனிக்கிழமை, கடற்கரைக் கல்லொன்றில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் புள்ளிப் பேச்சு மறுபடி வந்தது.

"எப்பங்க மாத்துவீங்க? எங்க அப்பா சின்னப்புள்ளையா இருக்கையிலேயே லயத்து வீடுகள எல்லாம் ஓடைக்கு இந்தப் பக்கம் கட்டிட்டாங்க. ஒங்க புள்ளி அந்தப் பக்கத்துல நிக்குது. அங்க இப்ப காடுதான்."

"ஆதாரம் வேணும் பிரதீஸ். எங்கயாவது அச்சில வந்திருக்கோணும். ஒராள் வாயால சொன்னால் செல்லாது, அதுதான் விதி."

"நான் பொறந்த எடங்க. எங்க அம்மா இன்னிக்கும் அங்கதான் இருக்காங்க."

"சரி... ஆனா அது ஆதாரம் இல்லையே."

அவன் முகம் செத்துப்போயிற்று. "எங்க தோட்டத்து ஆளுங்க சொன்னா செல்லாதுதாங்க. எப்பவுமே செல்லாது. வேற யாராவது எழுதிக் குடுத்தாத்தான் நாங்க எங்க இருக்கோம்னே நம்புவாங்க." எழுந்து போய்விட்டான்.

போனால் போகட்டும்! விதி விதிதானே? யார் கேட்டாலும் அவள் அதைத்தானே சொல்லியிருப்பாள்? அவனே வந்து கதைக்கட்டும் என்று இவள் இருந்தாள். இவளே கதைக்கட்டும் என்று அவன் இருந்திருப்பான். மாதங்கள் போயின. ஒரு மன்னிப்புச் சொல்ல வாய் வரவில்லை இந்தப் பெண்ணுக்கு. ஆனால் காலையில் எழும்பிக் கோட்டைப் பார்க்காமல் ஒரு நாளும் பல் விளக்கியதில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு. கோபமாய் இருக்கிறவன் வந்து பார்க்கத்தான் செய்கிறான்... அது போதும் போலவும் இருந்தது, போதாது போலவும் இருந்தது.

பிறகு அந்தப் புயல் வந்தது.

இரண்டு நாளாய் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. களனி ஆறு பெருகி வத்தளைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். மலைநாட்டில் மண் சரிகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலை ஸும்றா அழைத்தாள். பள்ளித் தோழி, இப்போது ஒரு தொலைக்காட்சியில் செய்திப் பிரிவில் இருப்பவள்.

"அடியே, நீ எழுதின நீர்க்கல் ஈக்கே... மலை சரிஞ்சிட்டாம்! எங்கட ஆக்களுக்கு அந்த ஊர் எங்க ஈக்குதெண்டே தெரியா. ஒன்ட பக்கத்தப் பாத்துத்தான் மேப் போட்டாங்க. எல்லா சேனலும் அதத்தான் போடுது. ஆமிக்காரரும் அந்தப் பக்கத்துக்குத்தான் போறாங்களாம்."

சுபோதினி ஓடிப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டாள். மலைநாட்டு வரைபடம். நடுவில் சிவப்பாய் ஒரு புள்ளி.

அவளுடைய புள்ளி... ஓடைக்கு அந்தப் பக்கம்.

இரண்டு பேர் மட்டும் வாசித்தவரை அந்தப் பிழை யாரையும் ஒன்றும் செய்யவில்லை. இன்று நாடே அதை வாசிக்கிறது. பிரதீஸை அழைத்தாள். அவன் போன் வேலை செய்யவில்லை. மருந்துக்கடைக்கு அழைத்தாள். கடைக்காரர் பிறெடி எடுத்தார்.

"பிரதீஸோ? அவன் முந்தாநாள் பஸ் ஏறிட்டான் பிள்ளை. தாயைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு ஊருக்குப் போனவன்..."

கடவுளே! அவன் அங்கேயா?

அழக்கூட நேரமில்லை. புள்ளியைத் தூக்கி ஓடைக்கு இந்தப் பக்கம் வைத்தாள். சில நிமிடத்தில் முகம் தெரியாத ஒருவர் அதைத் திருப்பிப் பழைய இடத்தில் வைத்துவிட்டார். ஒரு வரி மட்டும் எழுதியிருந்தார்: ஆதாரம் இல்லை.

அவளே எத்தனை பேருக்கு எழுதிய வரி அது! மறுபடி மாற்றி, ஆதாரம் என்ற இடத்தில் பிரதீஸின் பெயரை எழுதினாள்; அதன் பிறகு யாரும் தொடவில்லை. ஸும்றாவை அழைத்து வரைபடத்தை மாற்றச் சொல்லிக் கெஞ்சினாள். அனர்த்த மீட்பு அலுவலகத்துக்குப் போன் எடுத்து எடுத்து, கடைசியில் ஒரு அதிகாரி கிடைத்தார். லயம் ஓடைக்கு இந்தப் பக்கம்தான் என்று சிங்களத்தில் மூச்சு விடாமல் சொன்னாள்.

"கவுத கிவ்வே?" என்று கேட்டார் அவர். யார் சொன்னது?

"அங்கே பிறந்தவர் சொன்னார். அவர் சொன்னால் போதும் சேர்," என்றாள் சிங்களத்தில்.

மறுநாள் காலை கோடு மலையாய் எழும்பி நின்றது. நாற்பதாயிரம் பேர்! எப்போதும் கைதட்டுகிறவள் அன்று போனைக் கவிழ்த்து வைத்தாள். இந்த நாற்பதாயிரத்துக்குள்ளே என் ஒருவன் இருக்கிறானா? எப்படித் தெரியும்... எப்படித் தேடுவேன்...

ஓடைக்கு இந்தப் பக்கம் முந்தின நாள் மாலையே ஆட்களை மீட்டார்கள் என்று செய்தி வந்தது. யார் யார் என்று வரவில்லை. பாதை இல்லை, மின்சாரம் இல்லை, போன் கோபுரம் விழுந்து கிடந்தது. தினமும் கடையின் பழைய மேசைப் போனுக்கு எடுத்துப் பிறெடியிடம் கேட்பாள். "இன்னும் ஒண்டும் தெரியேல்ல பிள்ளை" என்பார். அம்மா சோற்றைப் போட்டுக் கொடுத்தால் அப்படியே வைத்துவிட்டு எழும்புவாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே இருந்துவிட்டேனே என்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுவாள்.

நாட்டுக்கு அடுத்த செய்தி கிடைத்துவிட்டது. எவனோ ஒரு கிரிக்கெட் வீரன் ஓய்வு பெற்றான். சனமெல்லாம் அந்தப் பக்கத்துக்கு ஓடியது. நீர்க்கல் கோடு இறங்கத் தொடங்கியது. ஆயிரங்கள், நூறுகள், பத்துகள்... ஒவ்வொரு காலையும் அது இறங்க இறங்க அவளுக்குள் பயம் ஏறியது. கூட்டம் கலைந்த பிறகுதானே யார் மிச்சம் என்று தெரியும்?

ஒரு நாள் கூட்டம் முழுவதாய்க் கலைந்தது. நேற்று வாசித்தவர்: ஒருவர்.

அது அவள்தான்.

அன்று அலுவலகத்துக்குப் போகவில்லை. ஒருவர். மறுநாளும் ஒருவர். அதற்கு மறுநாள் போனைத் தொடவே பயமாய் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு திறந்தாள்.

நேற்று வாசித்தவர்கள்: இரண்டு பேர்.

செருப்பைக்கூட மாற்றாமல், வீட்டுச் செருப்போடு ஓட்டோ பிடித்தாள். யாரோ வழிப்போக்கராய் இருக்கலாம்... மனமே, ஆசைப்படாதே... ஆனால் அவனாய் இருக்கட்டும்! புறக்கோட்டை நெரிசலில் ஓட்டோ ஊர்ந்தது. கொட்டாஞ்சேனை வந்து, மருந்துக்கடைப் படியை இரண்டு இரண்டாய்த் தாவி ஏறினாள்.

உள்ளே ஒரு கதிரையில், இடது காலில் பெரிய கட்டோடு, மெலிந்து கறுத்துப்போய்... அவன்! கையில் பிறெடியின் போன்.

"எனக்கு ஒரு கோல் எடுத்தால் என்ன?" அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தது. "ஒரு கோல்!"

"போன் மண்ணுக்குள்ள போயிருச்சுங்க. ஒங்க நம்பரும் அதோட. லைன் இல்லாத மலை ஆஸ்பத்திரியில கெடந்தேன். நேத்து ராத்திரிதான் அம்மாவோட வந்து சேந்தேன்." அவன் குரல் தழுதழுத்தது. "அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் எதிர்ப்பக்கத்துலதாங்க தேடிக்கிட்டு இருந்தாங்க. அம்மா சேலையக் கட்டி ஆட்டினோம், மழையில அவுங்களுக்குத் தெரியல. செத்தோம்னே நெனச்சேன். அப்பறம் திடீர்னு திரும்பி இந்தப் பக்கம் வந்தாங்க. யாரோ கொழும்புல இருந்து சொன்னாங்களாம்..."

"நான்தான். அந்தப் பிழையும் என்ர பிழைதான் பிரதீஸ். நீங்க சொன்ன அண்டைக்கே மாத்தியிருக்கோணும். என்னை மன்னிப்பீங்களோ?"

"மாத்திட்டீங்களே. நான் சொன்னதுக்காகவே மாத்தியிருந்தீங்க. நேத்து வந்ததும் அதத்தாங்க பாத்தேன்."

பிறெடி, நல்ல மனிசன், உள்ளே ஏதோ எடுக்கப் போனார்.

"ஒவ்வொரு நாளும் வந்த மற்ற ஆள்..." என்று தொடங்கினாள்.

"நான்தாங்க."

"ஊரைப் பாக்கவோ?"

"எங்க ஊரு எனக்கு மனப்பாடம். அந்தப் பக்கத்துல எழுதினது யாருன்னு ஒரு எடத்துல ஒங்க பேரு இருக்குமில்ல..." கண்களைத் தாழ்த்திக்கொண்டான். அதே கண்கள், இமை நுனியில் இப்போது மழையில்லை, ஆனாலும் ஈரம். "அதப் பாக்கத்தான் வருவேன். கோவமா இருந்த நாள்லயும் வந்தேன். ஒங்கள எனக்கு அவ்வளவு புடிக்கும் சுபோதினி."

மிஸ் இல்லை. சுபோதினி!

"எனக்கும்," என்றாள். நாற்பதாயிரம் பேருக்குள் தேடிய பிறகு வெட்கத்துக்கு எங்கே இடம்? "நான் உங்களைத்தான் விரும்பிறன். வீட்டில அம்மாவோட இண்டைக்கே கதைக்கப்போறன், என்ன சொன்னாலும் சரி. இனி என்ர பேரைப் பாக்க அங்க போகவேண்டாம். நேர வாங்கோ."

மறுநாள் முழுக்க அவள் கொட்டாஞ்சேனையில்தான் இருந்தாள். அவன் அம்மா நாகமணி அவளைப் பக்கத்தில் இருத்திவைத்துக் கதை கதையாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். போனை எடுக்கவே நினைவு வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில், பழக்கதோஷத்தில், கோட்டைப் பார்த்தாள். நீர்க்கல் தோட்டத்தை நேற்று ஒருவரும் வாசிக்கவில்லை.